டர்பனில் பொறியியல் முதல் வருடம், எதில் கவனம் வேண்டும்?

கேள்வி:
அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். பிப்ரவரியில் குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் சிவில் இன்ஜினியரிங் தொடங்குகிறேன். மெட்ரிக்கில், அதாவது பள்ளி இறுதித் தேர்வில், கணக்கு நன்றாகவே வந்தது, ஆனாலும் முதல் வருடத்தில் பலர் தடுமாறுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு வயிற்றைக் கலக்குகிறது.

பதில் 1:
தம்பி, மெட்ரிக் மதிப்பெண்ணை நம்பி உட்கார்ந்துவிடாதே. நான் அப்படி இருந்துதான் முதல் டெஸ்ட்டில் 38 வாங்கினேன். விரிவுரையாளர் போர்டில் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் வெற்றுத் தாளில் ஒரு உத்திரத்தை வரைந்து, நடுவில் சுமை, இரண்டு முனையிலும் தாங்கும் விசை என்று நீயே அம்புக்குறி போட்டுப் பார், எங்கே கை நிற்கிறதோ அதுதான் உனக்குப் புரியாத இடம். மறுநாளே போய்க் கேள். அப்புறம், டுட்டோரியல் ஒன்றைக்கூட விடாதே.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. இன்னொன்று, விடுமுறையில் செய்ய வேண்டிய வேலைப் பயிற்சிக்கு இப்போதே ஆள் தேடு. கடைசி நேரத்தில் கம்பெனி கம்பெனியாக அலைவது கொடுமை. நான்கு வருடம் நீளம் என்று மலைக்காதே, தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம் 1999 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் (பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஒப்பந்தம்) இருப்பதால் மன்றம் அங்கீகரித்த பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. வீட்டு வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கும் விண்ணப்பித்துவிடு.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. உத்திரம் வரைவதை இன்று இரவே தொடங்குகிறேன்.