பேய் வராத பேய்ப் படம்: ‘முற்றம்’ குழுவில் ஒரு சனிக்கிழமை இரவு

*இரவு 7:42*

குலசேகரம் சித்தப்பா: நேற்று நம் மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டி அபி ஒரு பேய்ப் படம் போட்டான். எல்லாம் வந்தது, பேய் மட்டும் வரவில்லை. 81 நிமிடமும் இலை, சருகு, ஒரு பெண்ணின் மூக்கு. இதற்குப் பழம்பொரி வேறு பொரித்தோம்.

சித்தி: பொரித்தது நான். நீங்கள் தின்றீர்கள்.

மினி அக்கா: நான் பெங்களூரில் கிடந்து வேலை பார்க்கிறேன், அங்கே படமும் பழம்பொரியுமா? என்ன படம்?

அபி: தி பிளேர் விட்ச் புராஜெக்ட், 1999. மூன்று மாணவர்கள் சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் காட்டுக்குள் போகிறார்கள், திரும்பவில்லை. ஒரு வருடம் கழித்து அவர்கள் எடுத்தது மட்டும் கிடைக்கிறது. நாம் பார்ப்பது அதைத்தான். ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்பது இதுதான் அக்கா.

குலசேகரம் சித்தப்பா: கேமரா ஆடிய ஆட்டம் இருக்கிறதே! மலைப்பாதையில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்த மாதிரி. எனக்குத் தலை சுற்றிவிட்டது.

அபி: அமெரிக்காவிலும் தியேட்டரில் வாந்தி எடுத்தவர்கள் உண்டு சித்தப்பா.

குலசேகரம் சித்தப்பா: அந்தப் படத்தில் பொய்யில்லாதது அது ஒன்றுதான்.

தக்கலை பெரியம்மா: எனக்குப் பயமாகத்தான் இருந்தது தம்பி. இன்று காலை பஸ்ஸில் வரும்போதும் அந்தக் கடைசிக் காட்சிதான் கண்ணில் நின்றது. சுவரைப் பார்த்து மூலையில் நிற்கிறானே ஒரு பையன்.

குலசேகரம் சித்தப்பா: மைனி, பள்ளிக்கூடத்தில் என்னை வாரம் ஒரு நாள் அப்படித்தான் நிறுத்துவார்கள்.

அபி: முதலில் வருகிற பேட்டியில் ஒருத்தர் சொல்வார், கவனித்தீர்களா? அந்த ஊரில் ஒருவன் குழந்தைகளை இரண்டிரண்டு பேராகக் கூட்டிப்போய், ஒன்றை மூலையில் திரும்பி நிற்கவைத்துவிட்டு இன்னொன்றைக் கொல்வானாம். வெளியிடும் முன் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்கு முடிவு புரியவில்லை என்று அந்தப் பேட்டியைப் பிறகு எடுத்துச் சேர்த்தார்கள்.

தக்கலை பெரியம்மா: நான் கவனித்தேன். அதனால்தான் பயந்தேன். தம்பி அப்போது பழம்பொரி எடுக்கக் கீழே போயிருந்தார்.

மினி அக்கா: 😂😂

*இரவு 8:05*

நாகர்கோவில் மாமா: இப்போதுதான் பார்க்கிறேன். அபி, எவ்வளவு செலவில் எடுத்தார்கள்?

அபி: இயக்குநர்கள் டேனியல் மைரிக், எடுவர்டோ சான்செஸ். புளோரிடாவில் சினிமா படித்தவர்கள். 1997 அக்டோபரில் மேரிலாண்டில் 8 நாளில் எடுத்து முடித்துவிட்டார்கள். காட்டுச் செலவு 60,000 டாலருக்குள்தான் என்கிறார்கள். அப்புறம் ஒலி, படத்தொகுப்பு என்று சில லட்சம் ஏறியது. வசூல் ஏறக்குறைய 25 கோடி டாலர்.

குலசேகரம் சித்தப்பா: எழுத்துப் பிழையா? 25 கோடி ரூபாயா, டாலரா?

அபி: டாலர்தான்.

குலசேகரம் சித்தப்பா: நான் 22 வருடமாக ரப்பர் வெட்டுகிறேன்.

அபி: மாமா, வசனம் எழுதித் தரவே இல்லை. நடிகர்கள் மூன்று பேரும் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். கேமராவையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அன்றன்று எங்கே போக வேண்டும் என்று ஜிபிஎஸ் காட்டும். போன இடத்தில் ஒரு பெட்டி, அதற்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சீட்டு. அடுத்தவன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இவனுக்குத் தெரியாது. நாளாக ஆகச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். ராத்திரி கூடாரத்தைப் பிடித்து உலுக்கியதும், குழந்தைகள் சத்தத்தை டேப்பில் போட்டதும் இயக்குநர்களும் கூட்டாளிகளும்தான்.

சித்தி: பட்டினி போட்டா நடிக்கவைத்தான்? பாவம் அந்தப் பெண்ணைப் பெற்றவள்.

அபி: இன்னொன்று கேளுங்கள். ஓடும்போது ‘அது என்ன, அது என்ன’ என்று அந்தப் பெண் கத்துகிறாள் இல்லையா? அங்கே நிஜமாகவே ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். கலை இயக்குநர், உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு. கேமரா வைத்திருந்தவர் அந்தப் பக்கம் திருப்பவில்லை. அதனால் அவர் படத்தில் விழவே இல்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

குலசேகரம் சித்தப்பா: ஆக, பேய் வந்திருக்கிறது. இவர்களுக்கு எடுக்கத் தெரியவில்லை.

நாகர்கோவில் மாமா: எடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் மாப்பிள்ளை? வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன் சளி பிடித்து நிற்கிறான். அவ்வளவுதான்.

நாகர்கோவில் மாமா: கோவில் கொடைக்கு வில்லுப்பாட்டில் இசக்கியம்மன் கதை பாடும்போது, இது கற்பனை என்று பாடுகிற எந்த அண்ணாவியாவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? ஊர்ப் பெயர் சொல்வார், போன வழி சொல்வார், கள்ளிச்செடி நின்ற இடம் சொல்வார். ராத்திரி ஏற ஏறக் கதை கொலைக்கு வரும், உடுக்கு வேகம் பிடிக்கும். கூட்டத்தில் ஒருத்தருக்கு அருள் வரும். அங்கேயும் இசக்கியை யார் கண்ணாலும் பார்ப்பதில்லை. ஒரு வில், ஒரு குடம், ஓர் உடுக்கு. செலவுக் கணக்கில் அந்த அமெரிக்கப் பையன்களைவிட நம் ஆள் கெட்டி.

குலசேகரம் சித்தப்பா: அத்தான், கொடையில் எனக்குப் பயம் வருவது சாமியிடம். காசு கொடுத்துப் பயப்படப் போனவனுக்கு எதையாவது காட்ட வேண்டாமா?

அபி: இதே சண்டைதான் அப்போதும். ரோஜர் ஈபர்ட் என்ற பெரிய விமர்சகர் நான்குக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். தியேட்டரைவிட்டு வெளியே வரும் சனங்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோரில் கிடைத்தது வெறும் சி பிளஸ். அந்தப் பெண்ணாக அழுது நடித்த ஹெதருக்கு மோசமான நடிகைக்கான ராஸி விருது. அதே படத்துக்குக் குறைந்த செலவில் எடுத்த முதல் படம் என்று இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருது. கூட்டம் பாதி உறைந்துபோய் வந்தது, பாதி சித்தப்பா மாதிரி டிக்கெட் காசைக் கேட்டது.

நான்: ஹெதருக்கு ராஸி கொடுத்தது அநியாயம். 8 நாள் பட்டினி கிடந்தவள் அழகாகவா அழுவாள்?

தக்கலை பெரியம்மா: எனக்கு ஒரு சந்தேகம். சுள்ளியை மனுஷ உருவமாகக் கட்டி மரத்தில் தொங்கவிட்டிருந்ததே, அதற்கு அந்தப் பிள்ளைகள் ஏன் அப்படி அலறினார்கள்? நம் இசக்கி கோவில் மரத்தில் எத்தனை மரத்தொட்டில் தொங்குகிறது! மினிக்காக நான் கட்டிய தொட்டிலும் அதில் ஒன்று.

மினி அக்கா: அம்மா, இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை.

தக்கலை பெரியம்மா: நீ கேட்டதில்லை. கல்யாணமாகி ஆறு வருடம். செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் நானும் உன் அப்பாவும் போய்க் கட்டினோம். ஆள் யாரும் இல்லை. காற்றில் எல்லாத் தொட்டிலும் ஒன்றாக ஆடும். எனக்கு அழுகைதான் வந்தது, பயம் வரவில்லை.

நாகர்கோவில் மாமா: அக்கா, இசக்கியான நீலியே கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனவள்தானே. அவளிடம் கொலையும் கேட்கலாம், குழந்தையும் கேட்கலாம். மேரிலாண்டு சூனியக்காரிக்குக் கொடை கொடுக்க ஆளில்லை. அந்தக் கதையே இயக்குநர்கள் உண்டாக்கியதுதான் என்று படித்திருக்கிறேன்.

அபி: ஆமாம் மாமா, கதை பொய். ஊர் நிஜம். பர்கிட்ஸ்வில், 200 பேர்கூட இல்லாத ஊர். படம் வந்த பிறகு சனங்கள் தேடிப்போய் ஊர்ப் பெயர்ப் பலகையைத் திருடிக்கொண்டு வந்தார்கள். இத்தனைக்கும் காட்டுக் காட்சிகள் வேறு இடத்தில் எடுத்தவை.

*இரவு 8:41*

அபி: சரி, விஷயத்துக்கு வருகிறேன். நானும் நண்பர்கள் மூன்று பேரும் இதே மாதிரி 20 நிமிடப் படம் ஒன்று போனிலேயே எடுக்கப்போகிறோம். இடம் சித்தப்பா வீட்டுப் பின்பக்க ரப்பர் தோட்டம். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது.

குலசேகரம் சித்தப்பா: தோட்டத்துக்கு வாடகை உண்டு.

அபி: படம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ‘காணவில்லை’ என்று எங்கள் போட்டோவோடு போஸ்டர் ஒன்றை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பப்போகிறோம். அவர்களும் அப்படித்தான் செய்தார்கள். நடிகர்கள் காணாமல் போனதாக இணையதளமே நடத்தினார்கள். ஹெதரின் அம்மாவுக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. படம் ஓடியதே அதனால்தான். போஸ்டர் தயார், பாருங்கள்.

அபி: [படம்]

மினி அக்கா: டேய், அச்சு அசல் போலீஸ் நோட்டீஸ் மாதிரியே இருக்கிறது 👏

சித்தி: போன் நம்பர் யாருடையது? என் நம்பர் மாதிரி இருக்கிறதே!

பக்கத்து வீட்டு டீச்சர்: மக்களே, குழுவில் நான் அதிகம் பேசுவதில்லை. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறந்த ஊர் வள்ளவிளை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்களின் போட்டோவை நாங்கள் அனுப்பாத குழு இல்லை. லட்சத்தீவில் இருக்கிறார்களாம், கோழிக்கோட்டில் கரையேறினார்களாம், மும்பைப் பக்கம் ஒரு போட்டைப் பார்த்தார்களாம் என்று யார் எதை அனுப்பினாலும் அதன் பின்னால் ஓடினோம். சில பேர் வந்தார்கள். என் அண்ணன் மகன் வரவில்லை. அவன் போட்டோ போட்ட அந்த நோட்டீஸ் இன்னும் என் போனில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு டீச்சர்: உன் போஸ்டரைப் பார்த்ததும் படம் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் வயதைப் பார்த்தேன். பிறகு என்ன சட்டை என்று பார்த்தேன். நம் மாவட்டத்தில் அப்படிப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

*இரவு 9:03*

அபி: டீச்சர், எடுத்துவிட்டேன். நண்பர்களிடமும் சொல்லிவிட்டேன். அது வேண்டாம்.

பக்கத்து வீட்டு டீச்சர்: கோபம் இல்லை மக்களே. படம் எடு. நானும் வந்து பார்க்கிறேன்.

நாகர்கோவில் மாமா: நிஜக் கோவில் பெயரும் வேண்டாம் மருமகனே. பலகையைத் தூக்கிக்கொண்டு போக நம் ஊரிலும் ஆள் உண்டு.

நான்: அந்த மூன்று நடிகர்கள் பிறகு என்ன ஆனார்கள் அபி?

அபி: 25 கோடியில் அவர்கள் கைக்கு வந்தது கொஞ்சம்தான். 2024இல் மூன்று பேரும் சேர்ந்து, தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வெளிப்படையாகவே கடிதம் எழுதினார்கள். அவர்களுடைய சொந்தப் பெயரையே அல்லவா படத்தில் வைத்திருந்தார்கள்.

சித்தி: அப்போ நீ நண்பர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறாய்?

அபி: பழம்பொரி.

சித்தி: அதையும் நான்தான் பொரிக்க வேண்டும்.

அபி: போஸ்டர் இல்லாமல் ஆளைப் பயமுறுத்துவது எப்படி? அதுதான் இப்போது தலைவலி.

தக்கலை பெரியம்மா: இது ஆவணி. ரப்பர் காய் வெடிக்கிற காலம். நேற்று உன் படத்தைவிட அந்தச் சத்தம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. டப்பென்று வெடிக்கும், பிறகு தகரத்தில் விழுந்து உருளும். அடுத்தது எப்போது என்று தெரியாது. காது காத்துக்கொண்டே கிடக்கும். அதை எடு.

நாகர்கோவில் மாமா: அக்கா இயக்குநராகிவிட்டாள்.

தக்கலை பெரியம்மா: அந்தத் தொட்டில் கதை வேண்டுமானாலும் சொல்கிறேன் அபி. முகத்தை எடுக்கக் கூடாது, கையை மட்டும் எடுத்துக்கொள். கோவிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. சம்மதமா?

அபி: சம்மதம் பெரியம்மா. செவ்வாய்க்கிழமை வருகிறேன்.

குலசேகரம் சித்தப்பா: சொந்தத் தோட்டத்துக் காய்ச் சத்தத்துக்கு யாராவது பயப்படுவார்களா? நான் தூங்கப் போகிறேன்.

*இரவு 10:52*

அபி: [குரல் பதிவு 0:40]

மினி அக்கா: ஐயோ. 0:23இல் ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன? நான் தனியாக இருக்கிறேன் அபி!

நான்: முதலில் காய் வெடிப்பது, அடுத்தது தகரம். மூன்றாவது என்னவென்று எனக்கும் தெரியவில்லை. நடக்கிற மாதிரி இருக்கிறது.

குலசேகரம் சித்தப்பா: இது எந்த இடம்?

அபி: உங்கள் வீட்டுப் பின்பக்கம்.

குலசேகரம் சித்தப்பா: எப்போது எடுத்தது?

அபி: இப்போதுதான். அந்த நடை நான்தான். சித்தப்பா, மழை வருகிறது, பின் கதவைத் திறங்கள். அரை மணி நேரமாகத் தட்டுகிறேன்.

குலசேகரம் சித்தப்பா: தட்டுவது நீதானா?

அபி: ஆமாம் சித்தப்பா!

குலசேகரம் சித்தப்பா: முதலில் உன் முகத்தை போட்டோ எடுத்து இங்கே போடு.