ஸ்பிரிங்டெயில் மட்டும் பாட்டிலுக்குள்ள இறங்க மாட்டேங்குது, உதவி வேணும்

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு பாலிக் பூலாவ்ல எங்க டுரியான் தோட்டம், அத ஒட்டின காட்டு ஓரம், ரெண்டு மண்ணுலயும் எத்தனை வகை ஸ்பிரிங்டெயில் (ஈர மண்ணுலயும் காஞ்ச இலைக்கு அடியிலயும் வாழுற, பெரும்பாலும் வாலால துள்ளுற குட்டி ஜீவன்) இருக்குன்னு 3 வாரமா பாத்துட்டு இருக்கேன், மாஸ்டர்ஸ் ப்ராஜெக்டுக்கு. காஞ்ச இலைய கையால புரட்டினாலே வெவ்வேற உருவம் தெரியுது, நீளமா செதில் மினுக்கிக்கிட்டு துள்ளுறது ஒண்ணு, கடுகுல பாதி சைஸ்ல உருண்டையா ஒண்ணு, கீழ மண்ணுக்குள்ள வெள்ளையா கண்ணும் இல்லாம துள்ளுற வாலும் இல்லாம ஊர்றது இன்னொண்ணு, அவ்வளவு அழகு! ஆனா டல்கிரன் புனல்ல (மேல பல்பு சூட்டுல மண்ணு காய, உள்ள இருக்குற ஜீவனுங்க கீழ இறங்கி பாட்டில்ல விழுற புனல்) போட்டா கீழ வர்றது மைட்டும் (உண்ணி இனத்து குட்டி ஜீவன்) எறும்பும்தான்.

புனல் நானே செஞ்சது. 2 மில்லிமீட்டர் வலை, 40 வாட் குண்டு பல்பு, மேல் 5 சென்டிமீட்டர் மண், கீழ 70 சதவீத எத்தனால், 5 நாள். பல்ப 25 வாட்டுக்கு மாத்திட்டேன், மண்ண உடைக்காம தலைகீழாவும் வச்சுப் பாத்துட்டேன், எடுத்த 2 மணி நேரத்துலயே புனல்ல போட்டும் பாத்தாச்சு. ரெண்டாம் நாளே மேல் மண்ணு பிஸ்கட் மாதிரி காஞ்சிருது, புனல் உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நிக்குது, அதுலயே நாலஞ்சு ஒட்டி செத்துக் கிடக்குது. பெரும்பாலும் தோல் வழியா மூச்சு விடுற ஜீவனுங்க, ஈரம் போனா தாங்காது.

சனிக்கிழமை மறுபடி மண் எடுக்கப் போறேன். நம்ம ஊரு ஈர மண்ணுல இத செஞ்சவங்க சொல்லுங்க, பல்பு சூட்ட எத்தனை நாள்ல எப்படி ஏத்தினா இதுங்க உயிரோட கீழ இறங்கும்?