பாரிஸ் பாந்தியோன்: அரை நாள் ஒதுக்கலாமா?

கேள்வி:
அடுத்த மாதம் அம்மாவோடு பாரிஸ் போகிறேன். அம்மா இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், மேரி கியூரியின் கல்லறையைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். அது பாந்தியோனில்தானே இருக்கிறது? கல்லறை தவிர வேறு என்ன பார்க்கலாம்? அம்மாவுக்கு முழங்கால் வலி, படிக்கட்டு ஏறுவதுதான் கவலை.

பதில் 1:
தாராளமாக ஒதுக்குங்கள். ரோமானியக் கோவில் மாதிரி பெரிய தூண்களோடு நிற்கும் இது, நோயிலிருந்து பிழைத்தால் கட்டுவதாகப் பதினைந்தாம் லூயி நேர்ந்துகொண்ட தேவாலயம். 1790இல் வேலை முடிவதற்குள் புரட்சி வந்துவிட்டது, அடுத்த வருடமே நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் இடமாக மாற்றி, ஜன்னல்களையும் அடைத்துவிட்டார்கள். குவிமாடத்துக்கு நேர் கீழே ஃபூக்கோ ஊசல் இருக்கிறது: 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டு. 1851இல் இயற்பியலாளர் ஃபூக்கோ செய்து காட்டிய இடமே அதுதான். இரண்டு நிமிடம் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள், ஊசல் ஆடும் திசை ஐந்தாறு டிகிரி விலகியிருக்கும். பூமி தன்னைத்தானே சுற்றுவதைக் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான், அம்மாவுக்குச் சொல்லவே வேண்டாம்.

பதில் 2:
கல்லறைகள் நிலவறையில், அதற்குப் படி இறங்கத்தான் வேண்டும், மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். குவிமாடத்துக்கு 200க்கு மேல் படி, அதை விட்டுவிடுங்கள். கார்டினல் லெமுவான் மெட்ரோவிலிருந்து வந்தால் மேடு கொஞ்சம் செங்குத்து, ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் வந்து லக்ஸம்பர்க் நிலையத்தில் இறங்கினால் பரவாயில்லை.

கீழே சிந்தனையாளர்கள் வால்டேரும் ரூசோவும் எதிரெதிரே. ரூசோவின் மரப்பெட்டியில் கதவு திறந்து ஒரு கை தீப்பந்தத்தை நீட்டுவது போலச் செதுக்கியிருப்பார்கள், நான் வெகு நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். கியூரி தம்பதியை 1995இல்தான் இங்கே கொண்டுவந்தார்கள், மேரியின் பெட்டிக்குள் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயத்தகடு இருந்தது அப்போது தெரிந்தது. பார்வையற்றோருக்கான எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயிலும் இங்கேதான், ஆனால் அவர் கைகளை மட்டும் சொந்த ஊரான கூவ்ரேயிலேயே வைத்துக்கொண்டார்கள்.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். வாசலுக்கு மேலே 'மாமனிதர்களுக்கு, நன்றியுள்ள தாய்நாடு' என்று எழுதியிருக்கும், பிரெஞ்சில் அது 'பெரிய ஆண்கள்' என்றும் ஆகும். 1907இல் உள்ளே வந்த முதல் பெண்ணான சோஃபி பெர்த்தலோகூட, கணவரோடு வைக்கப்பட்டவர்தான். தன் சாதனைக்காகவே இடம் பெற்ற முதல் பெண் மேரி கியூரிதான், அதற்கு 1995 வரை ஆகியிருக்கிறது. அம்மாவிடம் உள்ளே போகும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், ஊசல் பக்கத்தில் ஒரு மணி நேரம் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். லூவரை மறுநாளுக்குத் தள்ளிவிட்டோம்.