கடைசி வரை கையிலேயே இருந்த சீட்டு

பென்சில்வேனியாவில் ஒரு விளையாட்டுக் கழகம் நடத்திய ‘ட்வைலைட் ஸ்ட்ரகிள்’ தொடரின் இறுதி ஆட்டத்துக்கு நடுவராக உட்காரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இரு ஆட்டக்காரர்களின் கைச்சீட்டுகளும் தெரியும்படி பக்கவாட்டில் அமர்ந்திருந்ததால், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் புலப்படாத ஒரு போராட்டத்தை முழுவதுமாகப் பார்க்க முடிந்தது. அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனந்த குப்தாவும் ஜேசன் மேத்யூஸும் உருவாக்கி, ஜிஎம்டி கேம்ஸ் 2005இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் ஒருவர் அமெரிக்கா, மற்றவர் சோவியத் ஒன்றியம். பனிப்போர்க் காலம் முழுவதும் பத்துச் சுற்றுகளில் அடங்கிவிடுகிறது. எதிரிக்குச் சாதகமான நிகழ்வுகள் கொண்ட சீட்டுகளும் நம் கைக்கு வந்து சேரும். அவற்றை நம் வேலைக்குப் பயன்படுத்தினாலும் அந்த நிகழ்வு நடந்தே தீரும். இதற்கு மேல் ‘டெஃப்கான்’ என்ற அணு ஆயுத எச்சரிக்கை அளவு இருக்கிறது. 1962 கியூபா நெருக்கடியின்போது அமெரிக்க விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவு இரண்டாம் நிலை வரை சென்றதை வரலாற்றில் படித்திருப்போம். ஆட்டத்தில் அது ஐந்தில் தொடங்கிக் கீழே இறங்கும், ஒன்றைத் தொட்டால் அணுப்போர். அந்த நேரத்தில் யாருடைய முறை நடக்கிறதோ அவரே தோற்றவர். காரணம் எதிரியின் செயலாக இருந்தாலும் விதி அதுதான். இவ்வளவு கடுமையான, இவ்வளவு நியாயமான ஒரு விதியை வேறெந்தப் பலகை விளையாட்டிலும் நான் கண்டதில்லை.

முதல் ஏழு சுற்றுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோவியத் தரப்பில் ஆடியவர் வழக்கம்போல் ஈரானில் ஆட்சிக்கவிழ்ப்புடன் தொடங்கி, ஆசியாவில் காலூன்றி, எட்டாம் சுற்றின் வாசலில் 9 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். விண்வெளிப் போட்டியில் இருவருமே நான்காம் கட்டத்தில் நின்றார்கள்.

எட்டாம் சுற்றுக்குச் சீட்டுகள் வந்தபோது சோவியத்காரரின் கையில் இரண்டு விஷச் சீட்டுகள் சேர்ந்துவிட்டன. ஒன்று ‘சிஐஏ உருவாக்கம்’: அதை அவர் ஆடினால் தன் கையை முழுவதும் விரித்துக் காட்ட வேண்டும், அமெரிக்காவுக்கு ஒரு சிறு நடவடிக்கையும் கிடைக்கும், முக்கிய நாட்டில் நடக்கும் ஆட்சிக்கவிழ்ப்பு டெஃப்கானை ஒரு படி இறக்கும் என்பதால், டெஃப்கான் இரண்டில் இருக்கும்போது அந்த நடவடிக்கை அப்படி அமைந்தால் ஆட்டம் முடிந்தது. மற்றொன்று, அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளை மேசைக்கடியில் பதுங்கப் பழக்கிய ‘டக் அண்ட் கவர்’: அது டெஃப்கானை ஒரு படி இறக்கும். சுற்றின் முடிவில் ஒரு சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே சிஐஏவைக் கையில் நிறுத்தி, மூன்று மதிப்புள்ள டக் அண்ட் கவரை, அதன் நிகழ்வு நடக்காதபடி, விண்வெளிப் போட்டிக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு என்பதை, அவர் சீட்டுகளை அடுக்கிய விதத்திலேயே உணர்ந்தேன்.

அப்போதுதான் அமெரிக்கத் தரப்பின் தலைப்புச் செய்தியாக, அதாவது சுற்றின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் இறக்கும் சீட்டாக, ‘ரெட் ஸ்கேர்’ விழுந்தது. அந்தச் சுற்று முழுவதும் சோவியத் சீட்டுகளின் மதிப்பு ஒன்று குறையும். டக் அண்ட் கவரின் மூன்று இரண்டாகிவிட்டது, விண்வெளிப் போட்டியின் ஐந்தாம் கட்டத்துக்கு மூன்று வேண்டும். விண்வெளிக் கதவு அடைபட்டது.

சோவியத்காரர் சீட்டுகளை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றின் தொடக்கத்தில் டெஃப்கான் மூன்றில் இருந்ததால், முதல் நகர்விலேயே அந்த இரண்டு விஷச் சீட்டுகளில் ஒன்றை உயிருக்கு ஆபத்தில்லாமல் கழித்துவிட முடியும். சிஐஏவை ஆடினால் அது ஆட்டத்திலிருந்தே நிரந்தரமாக நீங்கும். ஆனால் கையில் இருந்த தென் அமெரிக்கப் புள்ளிச் சீட்டு (அந்தக் கண்டத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவருக்குப் புள்ளிகள் தருவது) எதிரிக்குத் தெரிந்துவிடும். டக் அண்ட் கவரை ஆடினால் எதிரிக்கு 3 புள்ளிகள் போகும். அவர் டக் அண்ட் கவரை ஆடினார். டெஃப்கான் இரண்டுக்கு இறங்கியதால், முதல் நகர்வில் செய்ய நினைத்திருந்த ஆட்சிக்கவிழ்ப்பும் அத்துடன் போயிற்று. அதன் பின் சத்தமில்லாமல் வெனிசுவேலாவைக் கைப்பற்றி, தென் அமெரிக்காவைச் சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகே அந்தப் புள்ளிச் சீட்டை இறக்கினார்.

இழந்த 3 புள்ளிகளின் விலை ஒன்பதாம் சுற்றில் தெரிந்தது. ‘வார் கேம்ஸ்’ சீட்டு அவரிடம் வந்தது. டெஃப்கான் இரண்டில் இருந்தால், எதிரிக்கு 6 புள்ளிகள் கொடுத்துவிட்டு ஆட்டத்தை அங்கேயே முடித்துக்கொள்ள அது இடம் தரும். அவருடைய முன்னிலை அப்போது சரியாக 6. பழைய 9 இருந்திருந்தால் கோப்பை அந்த நொடியே அவருடையது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் அதைச் சாதாரண நடவடிக்கைக்குச் செலவிட்டபோது, அந்த மனவுறுதியை நான் உள்ளூர வணங்கினேன்.

பத்தாம் சுற்று முடிந்து எல்லாக் கண்டங்களையும் எண்ணிப் பார்த்தபோது சோவியத் தரப்பு 2 புள்ளிகளில் வென்றது. அதன் பிறகு இருவரும் எஞ்சிய சீட்டுகளைத் திருப்பிக் காட்டினார்கள். ஒருவரிடம் சிஐஏ. மற்றவரிடம் ‘ஐ.நா. தலையீடு’: சிஐஏவின் நிகழ்வை முறியடிக்கக்கூடிய சீட்டு அது என்பதால், எதிரியின் கைக்குப் போகக் கூடாதென்று அமெரிக்கத் தரப்பினர் அதைச் சுற்றுக்குச் சுற்று பூட்டி வைத்திருந்தார்.

தோற்றவர் கேட்ட முதல் கேள்வி, “எட்டாம் சுற்றிலேயே சிஐஏவை ஏன் தொலைத்துவிடவில்லை? மூன்று சுற்றுகள் தலைக்கு மேல் கத்தியை வைத்துக்கொண்டு ஆடினீர்களே?” என்பது. “தென் அமெரிக்காவை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கு மூன்றைவிட அதிகமாகப் போயிருக்கும்” என்றார் வென்றவர். தோற்றவர் அதை ஏற்கவில்லை. நான் வென்றவர் பக்கம்தான்: வெனிசுவேலாவில் அப்போது அமெரிக்காவுக்கு ஒரே ஒரு செல்வாக்குப் புள்ளிதான் இருந்தது, கையை விரித்துக் காட்டியிருந்தால் அடுத்த நகர்விலேயே அவர் அதைப் பலப்படுத்தியிருப்பார்.