டிவைஸ் ட்ரீயில் சிப் பெயர் தப்பு, திருத்தலாமுங்களா?

நொய்யல்கரை:
பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு ஈரப்பதம் பார்த்து ஹியூமிடிஃபையரை ஓட்டுகிற லினக்ஸ் போர்டு செய்து தருகிறோம். புது லாட்டில் பிஎம்இ280 சென்சார் எழவில்லை. சிப் ஐடி ஹெக்ஸில் 60 வரணும், 58 வந்திருக்கு என்று லாக்கில் சொல்லிவிட்டு டிரைவர் நின்றுவிடுகிறது, கர்னல் 5.10. போர்டில் என்ன சிப் இருக்கு என்று கர்னலுக்குச் சொல்லுகிற டிவைஸ் ட்ரீ ஃபைலில் (டிடிஎஸ்), டிரைவரைப் பொருத்தும் கம்பேட்டிபிள் பெயரை பிஎம்பி280 என்று மாற்றினால் ஓடுகிறது, ஈரப்பதம் மட்டும் இல்லை. அப்புறம் எங்கள் ரிலே கார்டுக்கு முன்னாடி இருந்தவர் வைத்த கம்பேட்டிபிள் பெயரில் எழுத்துப்பிழை, கம்பெனி முன்னொட்டும் கிடையாது. டிரைவரை மெயின்லைனுக்கு (பொதுவான லினக்ஸ் கர்னலுக்கு) அனுப்பப் போகிறோம், திருத்திவிடலாமுங்களா?

தறிக்காரன்:
சிப் ஐடி இருக்கிற டி0 ரிஜிஸ்டரில் 58 என்றால் அது பிஎம்பி280தான் தம்பி, அதில் அழுத்தமும் வெப்பநிலையும் மட்டும்தான். பெயரை என்ன மாற்றினாலும் ஈரப்பதம் வராது, காற்று காய்ந்தால் மில்லில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்க: பிஎம்இ சதுரம், 2.5க்கு 2.5 மில்லிமீட்டர். பிஎம்பி 2க்கு 2.5, கொஞ்சம் நீளவாட்டம். விற்றவரிடம் மாற்றித்தரக் கேளுங்க, டிடிஎஸ்ஸில் கைவைக்காதீங்க.

சிங்காநல்லூரான்:
ரிலே கார்டு விஷயம்தான் பெரிசுங்க. ஏற்கெனவே மில்லில் ஓடுகிற போர்டுகளில் பழைய டிடிபி (கம்பைல் செய்த டிடிஎஸ்) இருக்கிறதல்லவா, பழைய பெயரை டிரைவரிலிருந்து எடுத்துவிட்டு கர்னலை மட்டும் அப்டேட் செய்தால் அந்த கார்டு அப்படியே காணாமல் போகும், எர்ரர்கூட வராது. அதனால் டிரைவரின் மேட்ச் டேபிளில் (அது ஏற்கிற பெயர்ப் பட்டியலில்) புதுப் பெயரைச் சேர்த்து, பழையதையும் உள்ளேயே விட்டுவையுங்க. இந்தப் பெயர்களுக்கான ஆவணமான பைண்டிங் யாமல் ஃபைலில் இரண்டையும் எழுதி, பழையதற்கு டெப்ரிகேட்டட் (இனிப் புதிதாகப் பயன்படுத்தக் கூடாது) என்று போடணும். முன்னொட்டு வெண்டார்-ப்ரிஃபிக்ஸஸ் யாமலில் அகரவரிசைப்படி ஏறணும். பைண்டிங் பேட்ச் தனியாக, டிரைவர் பேட்சுக்கு முன்னால் வரணும், ஒன்றாகக் கலந்து அனுப்பினால் பிரிக்கச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தில் இல்லாத கம்பேட்டிபிளை பேட்சைச் சோதிக்கிற செக்பேட்ச் ஸ்கிரிப்டே பிடித்துவிடும். யாமல் ஃபைலைச் சோதிக்கிற டிடி பைண்டிங் செக்கும் ஓட்டிவிடுங்க.

நொய்யல்கரை:
லென்ஸில் பார்த்தேனுங்ணா, நீளவாட்டம்தான். விற்றவருக்குப் போன் போட்டாச்சு. அழுத்தம், வெப்பநிலை மட்டும் போதும் என்கிற ஒரு வாடிக்கையாளருக்கு இந்த லாட்டையே கொடுக்கலாமா?

தறிக்காரன்:
தாராளமா. ஆனால் அந்த போர்டுக்குத் தனி ரிவிஷன் நம்பர், தனி டிடிஎஸ். ஏன் பிரித்தோம் என்று கமிட் மெசேஜில் சிப் ஐடியோடு எழுதிவிடுங்க.