எடைமேடை டாஸ் புரோகிராம்: உபுண்டுவா, ஃப்ரீபிஎஸ்டியா?

திருமங்கலத்தான்
கப்பலூர் பக்கம் ஒரு எடைமேடை. இண்டிகேட்டர் (எடையைக் காட்டுற பெட்டி) காம்1-ங்கிற சீரியல் போர்ட் வழியா 2400 பாட் (நொடிக்கு 2400 பிட்) வேகத்துல எடையை அனுப்புது. டர்போ பாஸ்கல்ல எழுதின டாஸ் புரோகிராம் அதை வாங்கி டாட் மேட்ரிக்ஸ்ல சீட்டு அடிக்குது. சோர்ஸ் (புரோகிராமோட மூல நிரல்) இல்லை. இப்ப ஓடுற பென்டியம் 4 எப்ப வேணாலும் படுத்துரும். வாங்கின புது மெஷின்ல சீரியல் போர்ட்டே கிடையாது. உபுண்டு லினக்ஸ் போடவா, இன்னொரு யூனிக்ஸ் வகை ஓஎஸ்ஸான ஃப்ரீபிஎஸ்டி போடவா? அண்ணன்மார் சொல்லுங்க.

வைகைக்கரை
சோர்ஸ் இல்லேன்னாலே பாதி முடிவு ஆயிருச்சு தம்பி, லினக்ஸ்தான். டாஸ் புரோகிராம் காம்1-ஓட 3எஃப்8 முகவரியை நேரடியாத் தொடும், யூனிக்ஸ் கெர்னல் சாதாரண புரோகிராமை அதுக்கு விடாது. நடுவுல ஒரு எமுலேட்டர் (டாஸ் பிசி மாதிரி நடிக்கிற புரோகிராம்) நின்னு, போலி யுஏஆர்டி (சீரியல் போர்ட் சிப்) காட்டி, பைட்டுகளை நிஜ போர்ட்டுக்குத் தள்ளணும். அப்படி ஒரு எமுலேட்டர்தான் டோஸ்இமு2, லினக்ஸுக்குன்னே எழுதினது. உபுண்டு எல்டிஎஸ்ஸுக்கு (நீண்டகால ஆதரவு பதிப்பு) அவங்களே பிபிஏ (தனி மென்பொருள் களஞ்சியம்) வச்சிருக்காங்க. அதோட கான்ஃபிக் கோப்புல காம்1-க்கு டிவைஸ் பாதையும், எல்பிடி1-ங்கிற பிரிண்டர் போர்ட்டுக்கு, அச்சுக்கு அனுப்புற எல்பிஆர் கட்டளையும் எழுதணும். இன்னொரு எமுலேட்டரான சாதா டாஸ்பாக்ஸ் சீரியலைக் கொடுக்கும், ஆனா பிரிண்டர் போர்ட் கிடையாது. சீட்டு அடிக்காத எடைமேடை எதுக்கு?

யூசரை, சீரியல் போர்ட் அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்ல சேர்க்க மறந்தா போர்ட் திறக்காது. பென்டியம் 4-லயே ஓடுதுன்னா, வேகமான சிபியுல டர்போ பாஸ்கல் புரோகிராமுக்கு வர்ற ரன்டைம் எரர் 200 பயம் பெரும்பாலும் இல்லை.

பழைய மெஷின்லயே போடலாம்னு நினைக்காதீங்க. டெபியன் 13-ல 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே இல்லை. ஃப்ரீபிஎஸ்டி 15-லயும் ஐ386 (அதே 32 பிட் பிசி) போயிருச்சு.

மேலூர் பிஎஸ்டி
நான் ஃப்ரீபிஎஸ்டி கட்சிதான். ஆனா இந்த வேலைக்கு வைகைக்கரை சொல்றதுதான் சரி. கையில சி சோர்ஸ் இருந்தா என் பதில் வேற. அப்படி யாராவது ஃப்ரீபிஎஸ்டி போட்டா ஒண்ணு கவனிங்க: யுஎஸ்பி சீரியல் போர்ட்டுக்கு அதுல ரெண்டு பேரு. டிடிஒய்யு0-வைத் திறந்தா கேரியர் சிக்னலுக்காகக் காத்துக்கிட்டே நிக்கும், இண்டிகேட்டர் அதைத் தராது. கியூஏயு0-வைத் திறங்க. எஸ்டிடிஒய் கட்டளைல வச்ச செட்டிங் போர்ட்டை மூடினதும் போயிரும். நிலைக்கணும்னா கியூஏயு0.இனிட்-ல வைக்கணும்.

வயர்மேன்
ஓஎஸ்ஸை விட வயர்தான் காலை வாரும். இண்டிகேட்டர்ல பெரும்பாலும் 2, 3, 5 மூணு பின்தான் இழுத்திருப்பாங்க. புரோகிராம் சிடிஎஸ்ஸுக்கு (அனுப்பலாம்னு சொல்ற சிக்னல்) காத்திருந்தா தொங்கிரும். அப்ப பிசி பக்கத்து 9 பின் கனெக்டர்ல 7-ஐயும் 8-ஐயும் சேர்த்து ஒரு பாலம், 1, 4, 6 மூணையும் சேர்த்து இன்னொண்ணு.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தா சீரியல் கார்டே வாங்குங்க, லினக்ஸ்ல அந்தப் போர்ட் பேரு வழக்கமா டிடிஒய்எஸ்4-னு வரும். யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர்தான்னா எஃப்டிடிஐ சிப் உள்ளதா வாங்குங்க. மதுரை டவுன்ஹால் ரோட்டுல மலிவாக் கொடுக்குறது பெரும்பாலும் சிஎச்340. உபுண்டு 22.04-ல பிஆர்எல்டிடிஒய்னு பிரெய்ல் கருவிக்கான ஒண்ணு அந்தச் சிப்பைப் பிடுங்கிக்கும், அதைக் கழட்டிருங்க. மோடம்மேனேஜரையும் நிறுத்துங்க, புது போர்ட்டைப் பார்த்தா மோடமான்னு ஏடி கட்டளை (மோடமுக்கான கட்டளை) அனுப்பிப் பார்க்கலாம்.

கேபிள் 15 மீட்டருக்கு மேல போகுதா? ஐசொலேட்டரோட (மின்சாரத்தைப் பிரிச்சு வைக்கிறது) ஆர்எஸ்485-ங்கிற நீள தூர சீரியல் முறைக்கு மாத்தி போடுங்க. ஐப்பசி இடிக்கு போர்டு தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

திருமங்கலத்தான்
கார்டு போட்டாச்சு. முதல்ல மினிகாம்ல (சீரியல் போர்ட்ல வர்றதைக் காட்டுற புரோகிராம்) 2400, 8என்1 (8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப்) வச்சுப் பார்த்தேன். 0, 3, 5, 6, 9 சுத்தமா வருது, மத்த எண்ணெல்லாம் கிறுக்கல். கார்டு கோளாறா?

வயர்மேன்
கார்டு நல்லாத்தான் இருக்கு. அந்த அஞ்சுலயும் ஆஸ்கி குறியீட்டுல ஒண்ணுகள் இரட்டைப் படை, அதனால பாரிட்டி பிட் (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கிற பிட்) 0. 1, 2, 4, 7, 8-ல ஒற்றைப் படை, எட்டாவது பிட் 1 ஆயிருது. இண்டிகேட்டர் 7இ1-ல (7 பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப்) பேசுது. மினிகாம்ல கன்ட்ரோல்-ஏ, அப்புறம் பி (P), அங்க 7 பிட், ஈவன், 1 ஸ்டாப் வைங்க. டோஸ்இமு2-க்குள்ள புரோகிராமே இதை வச்சுக்கும், அங்க கையை வைக்காதீங்க.