8 கியர் சைக்கிளை ஒவ்வொரு பாகமாக ஷிமானோ 105-க்குக் கொண்டு போக முடியுமா?

அடிவாரம்வரை:

வணக்கம். சேலத்தில் இருக்கிறேன். 2018-இல் வாங்கிய ரோடு பைக் சைக்கிள், ஷிமானோ கிளாரிஸ் கியர் செட், பின்னால் 8 கியர். பல்சக்கரம் முன்னால் 50-34 பல், பின்னால் 11-28 பல். கிராங்க் (பெடல் மாட்டும் கை) மட்டும் வேறு கம்பெனி, சதுர முனை அச்சு. சுமார் 9,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நடுவில் ஒரு முறை செயின் மாற்றினேன், எப்போது என்று நினைவில்லை.

பிரச்சினை ஏற்காடு. அடிவாரம் செக்போஸ்ட்டில் தெம்பாகத்தான் கிளம்புகிறேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. ஆறேழு தாண்டுவதற்குள் கடைசி கியரில் எழுந்து நின்று மிதிக்க வேண்டியதாகிவிடுகிறது. கூட வருகிற இரண்டு பேர் 105 (கிளாரிஸை விட உயர்ந்த ஷிமானோ கியர் செட்) போட்ட வண்டியில் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டே போகிறார்கள். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிற தூரத்தில்கூட நான் இருப்பதில்லை.

105 செட் மொத்தமாக வாங்கப் பணம் இல்லை. மாதம் 3,000 ரூபாய் ஒதுக்கலாம். என் திட்டம்: முதலில் 105 பின் டெரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் பாகம் (ஒருவர் பழையது தருகிறேன் என்கிறார்), அடுத்து கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு), அப்புறம் கிராங்க், கியர் மாற்றும் லீவர் விலை அதிகம் என்பதால் கடைசியில். நடுவில் வண்டி நிற்கக்கூடாது, வாரம் மூன்று நாள் ஓட்டுகிறேன். இந்த வரிசை சரியா?

மூன்றாம்வளைவு:

ப்ரோ, வித்துட்டு 105 போட்ட செகண்ட் ஹேண்ட் வண்டியாகப் பாருங்கள். பாகம் பாகமாக வாங்கினால் கடைசியில் ஒரு வண்டி விலை ஆகிவிடும். நான் பட்டு அனுபவித்துச் சொல்கிறேன்.

பழைய ஃபிட்டர்:

தம்பி, அந்தப் பழைய 105 டெரெய்லருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இருந்தும் நீ செய்யப்போகிற தப்பை அப்படியே செய்தேன். எனக்கும் அதே கிளாரிஸ் 8 தான். 10 கியர் டியாக்ரா 4700 பின் டெரெய்லர் ஒன்று 2,200 ரூபாய்க்குக் கிடைத்தது. துடைத்துப் பார்த்தால் புதிது போல் இருந்தது. கிளாரிஸை விட இரண்டு படி மேல், போட்டால் வெண்ணெய் மாதிரி விழும் என்று நினைத்தேன். மாட்டினேன். முதல் கியர் மாற்றம் தயங்கியது. இரண்டாவதில் செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவில் கரகரத்தது. கடைசிச் சக்கரத்துக்கு ஏறவே இல்லை. கேபிளை இழுத்தேன், தளர்த்தினேன், ஒரு ஞாயிறு முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தேன். வீட்டம்மா இரண்டு தடவை காபி கொண்டு வந்தார். மூன்றாவது தடவை வரவில்லை.

திங்கட்கிழமை வெர்னியரை எடுத்து அளந்த பிறகுதான் புத்தி வந்தது. 8 கியர் லீவரை ஒரு சொடுக்கு சொடுக்கினால் சுமார் 2.8 மி.மீ. கேபிள் இழுபடும். கிளாரிஸ் டெரெய்லர் அதை 1.7 மடங்காக்கி நகரும், அதாவது 4.8 மி.மீ.க்குப் பக்கம். 8 கியர் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியும் அதுதான். ஆனால் 4700 டெரெய்லர் சுமார் 1.4 மடங்குதான் நகரும். 2.8-ஐ 1.4-ஆல் பெருக்கு, 3.9. ஒவ்வொரு சொடுக்குக்கும் 0.9 மி.மீ. குறை. ஏழு சொடுக்கு முடியும்போது 6 மி.மீ.க்கு மேல் பின்தங்கிவிடுகிறது, ஒரு பல்சக்கர இடைவெளியை விட அதிகம். இதை எந்த ஸ்க்ரூவைத் திருகிச் சரி செய்வது? டெரெய்லர் மேல் ஒரு குற்றமும் இல்லை, வாங்கியவன் கணக்குப் பார்க்கவில்லை. (வேடிக்கை என்னவென்றால் 10 கியர் கேசட்டின் இடைவெளி கிட்டத்தட்ட அதே 3.9. அந்தக் கேசட்டைப் போட்டிருந்தால் பத்தில் எட்டு கியர் ஒழுங்காக விழுந்திருக்கும் என்கிறது கணக்கு. செய்து பார்க்க மனசு வரவில்லை.)

நீ சொல்கிற 11 கியர் 105 டெரெய்லரும் இதே 1.4 ஜாதிதான். உன் லீவரோடு ஒரு நாளும் ஒத்துப்போகாது. நீ போட்ட வரிசைப்படி லீவர் கடைசி என்றால், நடுவில் அத்தனை மாதமும் வண்டி சுவரில் சாய்ந்திருக்கும்.

அதனால் பாகங்களை விலைப்படி வரிசை போடாதே. எது எதோடு கட்டுண்டது என்று பார். வலது லீவர், பின் டெரெய்லர், கேசட், செயின் நான்கும் ஒரு குடும்பம். கிராங்கும் அதன் பேரிங்கும் தனிக்குடித்தனம், என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் கிராங்கை மாற்றுவதால் மலை ஏறுவது சுலபமாகிவிடாது. இப்போது இருப்பதும் 50-34, 105-இல் வருவதும் பெரும்பாலும் 50-34.

இப்போது ஏற்காட்டுக்கு வா. உன்னோடு வருகிறவர்களின் பின் கேசட் எத்தனை பல் என்று கேட்டாயா? 32-ஆகவோ 34-ஆகவோ இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். உன்னுடையது 28. நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னால் 34 பல்லுக்குப் பின்னால் 28 என்றால் வண்டி மணிக்கு 9.2 கிலோமீட்டர் போகும். 34-க்கு 32 என்றால் 8. மலையில் உன் காலுக்கு 8 தான் முடியும் என்றால், 28 பல்லில் சுற்று 52-க்கு இறங்கிவிடும். முட்டி கத்தும், எழுந்து நிற்பாய். அவர்கள் அதே 8-இல் 60 சுற்று மிதித்தபடி சினிமாக் கதை பேசுவார்கள். டெரெய்லரில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது மலைக்குத் தெரியாது.

8 கியரிலேயே 11-32 கேசட் இருக்கிறது. 11-13-15-18-21-24-28-32. சேர்த்து ஒரு புதுச் செயின். உன் ஒரு மாதப் பணத்துக்குள் முடிந்துவிடும். 11-34 என்றும் ஒன்று கிடைக்கும், ஆனால் அதில் 26-க்கு அடுத்தது நேராக 34. வளைவில் மாற்றினால் படிக்கட்டில் ஒரு படி இல்லாத மாதிரி கால் தொங்கும். எனக்குப் பிடிக்காது, பிடிக்கிறவர்களும் உண்டு. வாங்குவதற்கு முன் உன் டெரெய்லரின் பின்பக்கம் பார். ஜிஎஸ் என்று இருந்தால் நீளக் கூண்டு, 32 தாராளமாகப் போகும். எஸ்எஸ் என்று இருந்தால் இங்கே வந்து சொல், வாங்கிவிடாதே.

அதற்கும் முன்னால் செயினை அள. அங்குல ஸ்கேல் எடு. செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வை. அதற்கு அடுத்ததை ஒன்று என்று எண்ணினால் இருபத்து நான்காவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தள்ளிப் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நூல் தள்ளியிருந்தால் செயின் தனியாகப் போகவில்லை, கேசட்டையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

காந்திபுரம் டு கோத்தகிரி:

ஃபிட்டர் சார் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, இருந்தாலும் ஒன்று. கேபிள்!

என் வண்டியில் ஐந்து மாதம் கியர் ஒழுங்காக விழவில்லை. டெரெய்லர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள் ஒரு கடையில். மாற்றினேன். அப்படியும் அதே கதை. கடைசியில் ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்துப் பார்த்தால், கியருக்குப் போட்டிருந்தது பிரேக் அவுட்டர் (கேபிளின் வெளி உறை). முந்தைய சர்வீஸில் யாரோ கைக்குக் கிடைத்ததை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாக இருக்கும், வளைத்து இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் அமுங்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அமுங்காது. அரை மில்லிமீட்டர் அமுங்கினாலே கியர் குழம்பிவிடும் என்று மேலே உள்ள கணக்கைப் பார்த்தாலே தெரியும். 4 மி.மீ. கியர் அவுட்டர், புது உள் கம்பி, ஒரு மணி நேர வேலை. பழைய டெரெய்லர் இப்போதும் பெட்டியில் சும்மா கிடக்கிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை.

ஹேங்கரையும் (டெரெய்லர் மாட்டியிருக்கிற காது) பாருங்கள் அண்ணா. வண்டி வலது பக்கம் ஒரு தடவை விழுந்திருந்தாலே வளைந்திருக்கும். சின்னப் பல்சக்கரத்தில் சரியாக விழுந்து, பெரியதில் மட்டும் தகராறு செய்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

அடிவாரம்வரை:

ஐயா, நல்லவேளை. நாளைக்குத்தான் பணம் அனுப்புவதாக இருந்தேன்.

அளந்துவிட்டேன். ஒரு நூலையும் தாண்டி நிற்கிறது. இரண்டு தடவை அளந்தேன், அப்புறம் பையனை விட்டும் அளக்கச் சொன்னேன். டெரெய்லரில் ஜிஎஸ் இருக்கிறது. அவர்கள் கேசட்டையும் கேட்டேன், ஒருவர் 32, இன்னொருவர் 34. பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

11-32, செயின், கியர் அவுட்டர் மூன்றும் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஆசை போகவில்லை. பின்னாளில் கியர் எண்ணிக்கை கூட்ட வேண்டும் என்றால் எந்த வழி? சக்கரமும் மாற்ற வேண்டுமா?

பழைய ஃபிட்டர்:

ஆசை தப்பில்லை. மலிவான வழி 9. ஷிமானோவின் 9 கியர் செட்டான சோரா ஆர்3000-இன் வலது லீவர், 9 கியர் கேசட், 9 கியர் செயின், மூன்றும் ஒரே நாளில். உன் கிளாரிஸ் டெரெய்லர் அப்படியே இருக்கும், ஏனென்றால் 8-க்கும் 9-க்கும் அதே 1.7 தான். இடது லீவரும் இருக்கட்டும், முன்னால் இரண்டு பல்சக்கரம்தானே. வலது லீவர் ஒற்றையாகக் கிடைக்கிறதா என்று விசாரி. பின்னால் பெரிய பல்சக்கரம் 32-ஆகவே இருந்தாலும் நடுவில் ஒரு பல்சக்கரம் கூடும். சமவெளியில் கூட்டமாகப் போகும்போது அதன் அருமை தெரியும், மலையில் தெரியாது.

11 என்றால் குடும்பம் மொத்தமும் குடிபெயர வேண்டும். நான்கையும் வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்து ஒரே நாளில் மாட்டு. முன் டெரெய்லருக்கும் இடது லீவருக்கும் இதே மாதிரி ஒரு பொருத்தம் இருக்கிறது. ஷிமானோ தன் தளத்தில் பொருத்தப் பட்டியலே போட்டிருக்கிறது, ஜாதகம் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துவிட்டு வாங்கு. சக்கரம் பற்றிக் கேட்டாய். 8, 9, 10 மூன்றுக்கும் ஃப்ரீஹப் (பின் சக்கரத்தில் கேசட் ஏறுகிற உருளை) ஒன்றுதான், 10-க்கு மட்டும் பெரும்பாலும் 1 மி.மீ. வளையம் ஒன்று போட வேண்டிவரும். 11 கியர் ரோடு கேசட்டுக்கு 1.85 மி.மீ. நீளம் கூடுதலாக வேண்டும், உன் ஹப்பில் ஏறாது. ஆனால் எச்ஜி800 என்ற 11-34 கேசட் மட்டும் பழைய ஹப்பிலேயே ஏறும்படி செய்திருக்கிறார்கள். சக்கரச் செலவு மிச்சம்.

கிராங்க் எப்போதாவது மாற்றினால் ஒன்று நினைவில் வை. வலது பக்கப் பேரிங் கப் இடது மரை. கழற்ற வேண்டுமானால் கடிகாரம் சுற்றுகிற திசையில் திருகு. தெரியாமல் எதிர்ப்பக்கம் எம்பி எம்பி இறுக்கிவிட்டு, துருப்பிடித்துவிட்டது என்று கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவர்.

மூன்றாம்வளைவு:

அது நான்தான் சார்.

அடிவாரம்வரை:

ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். பதின்மூன்றாம் வளைவு வரை உட்கார்ந்தே. அதற்கு மேல் எழுந்தது என் நெஞ்சு செய்த வேலை, கியர் இல்லை. அவர்கள் பேசியதும் பாதி வழி வரை கேட்டது. பேச்சு ஒன்றும் பிரமாதமில்லை.

ஒரே ஒரு தொல்லை. 32-இல் போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது, 28-இல் இல்லை. செயின் நீளம் சரிதான். முன்னால் பெரிய பல்சக்கரத்தையும் பின்னால் பெரியதையும் டெரெய்லர் வழியாக விடாமல் சுற்றி, மேலே ஒரு ஜோடி கண்ணி விட்டுத்தான் வெட்டினேன்.

பழைய ஃபிட்டர்:

டெரெய்லரில் இருக்கிற இரண்டு சின்னச் சக்கரத்தில் மேலே உள்ளது 32-ஐ உரசுகிறது. ஹேங்கருக்குப் பக்கத்தில் பின்னால் பார்த்தபடி ஒற்றையாக ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதை வலது பக்கம் ஒரு சுற்று திருகு. போகவில்லை என்றால் இன்னொரு அரைச் சுற்று. சத்தம் நின்றதும் கையை எடுத்துவிடு, அதற்கு மேல் திருகாதே.